பாசியா, பாசிலா?

நெடுமாறனின் டைனோசர் முட்டையைக் கீழே போட்டு உடைத்தது ஜோவிதாதான். ஆனால் அதற்காக அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நடந்தது இதுதான்.

ஆறாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஜெயசித்ரா மிஸ் பிள்ளைகளுக்கே விட்டுவிடுவார். யாராவது ஒருவர் ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். கோபிநாத் ஒருமுறை கோழிக்குஞ்சு கொண்டுவந்தான். அது மிஸ்ஸின் மேசையில் ஏறி, திருத்தி வைத்திருந்த விடைத்தாளின் மேல் எச்சம் போட்டுவிட்டது. "இதுக்கும் மார்க் போடணுமாடா?" என்று மிஸ் கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நெடுமாறனின் முறை.

நெடுமாறன் பள்ளிக்குப் புதியவன். அவன் அம்மா அஞ்சலாட்சிக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால், சேதராப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுனுக்கு வந்திருந்தார்கள். அவன் அதிகம் பேச மாட்டான். யாரும் அவனிடம் பேசவும் மாட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் அவன் பெயரை இளமாறன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒரு துண்டைப் பிரித்தான். உள்ளே பெரிய மாதுளம்பழம் அளவில், பழுப்பும் வெள்ளையும் கலந்த உருண்டைக் கல் ஒன்று இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி எங்க மாமா கொல்லையில கெணறு வெட்டுனப்போ அடியில கெடச்சது. டைனோசர் முட்டை" என்றான்.

வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. எப்போதும் கடைசி பெஞ்சில் சாய்ந்து கிடக்கும் அஜித்தே ஓடிவந்து நெடுமாறனின் தோளில் கை போட்டான்.

"டேய், உள்ள குட்டி இருக்குமாடா?"

"இருக்கலாம்" என்றான் நெடுமாறன். அவன் முகம் அவ்வளவு மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு! எனக்கு ஒரு தடவ குடுடா!" என்று ஜோவிதா எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவன் கொடுத்தான். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. உள்ளங்கை வேறு வியர்த்திருந்தது. கல் நழுவியது.

சிமென்ட் தரையில் 'டக்'கென்று ஒரு சத்தம். முட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். குட்டி டைனோசர் இல்லை. எலும்பு இல்லை. வளையத்துக்குள் வளையமாக, மெல்லிய கோடுகள்தான் இருந்தன.

"டேய், வெங்காயம்டா!" என்று கத்தினான் அஜித்.

சிரிப்பு கூரையைத் தூக்கியது. "டைனோசர் வெங்காயம் போட்டிருக்கு!" என்றது ஒரு குரல். "முட்டைமாறன்!" என்றது இன்னொன்று. அந்தப் பெயர் வகுப்பு முழுவதும் சுற்றிவந்து நெடுமாறன் மேலேயே ஒட்டிக்கொண்டது.

மிஸ் அதட்டி எல்லோரையும் உட்காரவைத்தார். ஆனால் கிசுகிசுப்பு நிற்கவில்லை. "சும்மா புளுகியிருக்கான்."

"சாரிடா" என்றாள் ஜோவிதா.

"பரவால்ல" என்றான் அவன். கல்லைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல் சொன்னான்.

மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போய்விட்டான். உடைந்த கல் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. ஜோவிதா இரண்டு துண்டையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

ஜோவிதாவின் அப்பா லூர்துநாதனுக்கு நெல்லித்தோப்பில் கல் அறுக்கும் பட்டறை இருந்தது. சமையல் மேடைக்குக் கிரானைட் அறுப்பார். கல்லறைக்கு மார்பிள் இழைத்து எழுத்து வெட்டுவார். அன்று ஒரு மார்பிள் பலகையில் பிரெஞ்சு எழுத்துகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, பை இப்படித் தொங்குது? செங்கல்லா படிக்கிறீங்க ஸ்கூல்ல?"

ஜோவிதா சிரிக்கவில்லை. இரண்டு துண்டுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இத ஒட்டிக் குடுங்கப்பா. ஒட்டுனதே தெரியக் கூடாது."

"யாருது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான்தாம்பா உடைச்சேன். ஆனா எல்லாரும் அவனப் பார்த்துத்தான் சிரிச்சாங்க."

அப்பா துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "நடுவுல சில்லு பேந்து போயிருக்கு. இப்படியே ஒட்டுனா நிக்காது. ரெண்டு பக்கமும் தேய்ச்சு மட்டம் பண்ணிட்டு ஒட்டலாம், இரு."

ஒரு பாதியை எடுத்து, தண்ணீர் விட்டு, சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தார். 'கிர்ர்ர்' என்று சத்தம். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. பிறகு துணியால் துடைத்தார்.

ஜோவிதாவின் வாய் திறந்தபடியே நின்றது.

கரடுமுரடாக இருந்த இடம் இப்போது கண்ணாடி போல மின்னியது. நடுவில் ஒரு குட்டிச் சிப்பித் துண்டு இருந்தது. அதைச் சுற்றி வெண்மையும் பழுப்புமாக அலை அலையாக மடிப்புகள், ஒன்றின் மேல் ஒன்று.

"அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அப்பா பசை டப்பாவைத் திறந்தார்.

"அண்ணே, ஒட்டாதீங்க!"

கத்தியது வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த கவிநிலா அக்கா. பல்கலைக்கழகத்தில் பழைய கற்களை ஆராய்ச்சி செய்யும் மாணவி. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் கல் வெட்டும் இயந்திரம் பழுதாகிவிட்டதால், ஒரு வாரமாகக் கற்களை மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பட்டறைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அவர் எழுந்து வந்த வேகத்தில் மடியிலிருந்த கற்கள் உருண்டோடின. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சிறிய லென்ஸைக் கண்ணருகே வைத்துக் கல்லைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அது முட்டையா?" என்று மெல்லக் கேட்டாள் ஜோவிதா. உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை மீதி இருந்தது.

"முட்டை இல்ல. பாசி."

"பாசிலா?"

"பாசி. பாசியோட பாசில்."

"பாசியா, பாசிலா? ஒன்னைச் சொல்லுங்கக்கா!"

கவிநிலா சிரித்துவிட்டார். "ரெண்டும்தான்! கடல்ல இருக்கிற ஒரு வகை சிவப்புப் பாசி இது. கல்லா மாறிப் போச்சு. கல்லா மாறுனதத்தான் பாசில்னு சொல்றோம்."

"பாசி வழுவழுன்னு இருக்கும்ல? எங்க வீட்டுத் தொட்டியில இருக்கே, பச்சையா."

"அது வேற. இது வீட்டுக்கு வெள்ளை அடிச்சிக்கிற மாதிரி, தன் உடம்புல தானே சுண்ணாம்பு பூசிக்கும். கடல்ல மீனும் நத்தையும் பாசியக் கடிச்சிட்டே இருக்கும்ல? மெத்துன்னு இருந்ததை முழுசா தின்னுடும். கொஞ்சம் கெட்டியா இருந்தது தப்பிச்சுது. அதோட பிள்ளைங்களும் கெட்டியா பொறந்துச்சு. அதுலயும் நல்ல கெட்டியா இருந்தது இன்னும் தப்பிச்சுது. இப்படியே கோடிக்கணக்கான வருஷம் போய், கல்லு மாதிரியே ஒரு பாசிக் குடும்பம் வந்துடுச்சு. இந்தா, பாரு."

ஜோவிதா லென்ஸ் வழியாகப் பார்த்தாள். மடிப்புகளுக்கு நடுவே ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன.

"அந்தப் புள்ளியெல்லாம் அறைங்க. வித்துகள யாரும் தின்னுடாம உள்ள பத்திரமா வெச்சிருந்த இடம்."

"சரிக்கா, ஆனா ஏன் உருண்டையா இருக்கு?"

"நடுவுல இருக்கிற சிப்பி மேலதான் முதல்ல ஒட்டிக்கிட்டு வளர ஆரம்பிச்சுது. அலை அதை உருட்டுச்சு. மீனு மூக்கால தள்ளுச்சு. எந்தப் பக்கம் வெயில் பட்டுதோ அந்தப் பக்கம் வளர்ந்துச்சு. உருண்டுகிட்டே வளர்ந்ததால உருண்டையாயிடுச்சு. ஆறு கோடி வருஷம் இருக்கும்."

லூர்துநாதன் பசை டப்பாவை மெதுவாக மூடினார். "ஆறு கோடியா? நான் இன்னும் கொஞ்சம் பார்த்துத் தேய்ச்சிருப்பேனேம்மா!"

ஆனால் ஜோவிதாவின் முகம் வாடியே இருந்தது. "அப்போ நெடுமாறன் சொன்னது தப்புதானக்கா? இதைச் சொன்னா இன்னும் சிரிப்பாங்க."

கவிநிலா கீழே உருண்ட கற்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "இந்தப் பாசிய முதல்ல எல்லாரும் என்னன்னு நெனைச்சாங்க தெரியுமா? பவளம்னு. பவளம் விலங்கு, இது பாசி. அதைப் புரிஞ்சுக்கவே ரொம்ப நாள் ஆச்சு. அப்புறம், இந்தக் குடும்பத்தோட முப்பாட்டன் யாருன்னு தேடுனாங்க. நாப்பது கோடி வருஷத்துக்கு மேல பழைய பாசில் ஒன்னு கெடைச்சுது. இதுதான் முப்பாட்டன்னு நூறு வருஷத்துக்கும் மேல எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. கடைசியில ஒருத்தர் நல்லா உத்துப் பார்த்தாரு. அது பாசியே இல்ல. கடற்பஞ்சு. அதுவும் ஒரு விலங்கு!"

"அய்யோ! வேற யாரோ தாத்தாவக் கூட்டிட்டு வந்து நம்ம வீட்ல உக்காரவெச்ச மாதிரியா?"

"அதேதான். உண்மையான பழைய சொந்தக்காரங்க வேற எடத்துல இருந்தாங்க" என்று சிரித்தார் கவிநிலா. பிறகு ஆவலோடு கேட்டார். "இது எந்தக் கெணத்துல கெடைச்சுது? எவ்வளவு ஆழத்துல? கூட வேற என்ன இருந்துச்சு?"

"எனக்குத் தெரியாதுக்கா. அவனுக்குத்தான் தெரியும்."

"அப்போ எனக்கு அவனத்தான் பார்க்கணும்."

அன்று இரவு சாப்பிடும்போதும் ஜோவிதா அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவளே வகுப்பில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். எல்லோரும் கைதட்டுவார்கள். மிஸ் பாராட்டுவார். ஆனால் நெடுமாறன்? அவன் கடைசி வரைக்கும் முட்டைமாறன்தான்.

மறுநாள் வழி விசாரித்துக்கொண்டு அப்பாவின் ஸ்கூட்டரில் நெடுமாறன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவன் அம்மா.

"வயித்து வலின்னு படுத்திருக்கான்மா. திங்கட்கிழமையும் ஸ்கூலுக்குப் போக மாட்டானாம்" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா காலையில ஆறு இட்லி தின்னான்."

உள்ளே நெடுமாறன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஜோவிதா தேய்த்த பாதியை அவன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை நீண்டது. விரல் அந்தப் பளபளப்பைத் தடவியது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இது என்னுதா?"

"உன்னுதுதான். எங்க அப்பா தேய்ச்சாரு."

அவள் கவிநிலா அக்கா சொன்னதையெல்லாம் சொன்னாள். மீன் மூக்கால் தள்ளியதைச் சொன்னபோது அவன் உதடு லேசாக விரிந்தது. தவறான முப்பாட்டன் கதை வந்தபோது சத்தமாகவே சிரித்துவிட்டான்.

"நூறு வருஷமாவா?"

"நூறு வருஷத்துக்கும் மேலடா! நீ ரெண்டு மாசந்தானே முட்டைன்னு நெனைச்ச?"

அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. "நீயே கிளாஸ்ல சொல்லிடு. உன்னப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

"எனக்கென்ன தெரியும்? கெணத்துல எங்க இருந்துச்சுன்னு அந்த அக்கா கேட்டாங்க. நான் முழிச்சேன்."

"மேல செம்மண்ணு" என்றான் அவன், தன்னை அறியாமல். "அதுக்குக் கீழ மஞ்சக் களிமண்ணு. அதுக்கும் கீழ வெள்ளையா ஒரு பாறை வந்துச்சு. அது பூரா சிப்பி ஒட்டிக்கிட்டிருக்கும். கடப்பாறை போட்டா புகையும். அதுலதான் இது புதைஞ்சிருந்துச்சு. மாமா தூக்கிப் போடச் சொன்னாரு. நான்தான் கழுவி எடுத்தாந்தேன்."

"பார்த்தியா? இதெல்லாம் நான் எப்படிச் சொல்ல முடியும்?"

"நான் எழுந்து நின்னாலே முட்டைன்னு கத்துவாங்க ஜோவிதா."

அவன் சொன்னது உண்மைதான். ஜோவிதா நகத்தைக் கடித்தாள். திடீரென்று அவள் கண் விரிந்தது.

"நீ கடைசியில பேசு. முதல்ல நான் ஒன்னு பண்றேன்."

திங்கட்கிழமை காலை அவள் ஜெயசித்ரா மிஸ்ஸிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினாள். வகுப்பின் முன்னால் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை இந்தக் கல்லை நான்தான் கீழ போட்டேன். அதனால நான்தான் இதைத் திருப்பிக் கொண்டாந்திருக்கேன். இது ஒரு காலத்துல உயிரோட இருந்துச்சு. இன்னான்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும். விடைய நெடுமாறன்தான் சொல்வான்."

தேய்த்த பாதி கைமாறிக் கைமாறிப் போனது. இந்த முறை எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். யாருக்கும் சிரிக்க நேரமில்லை. எல்லோரும் உற்றுப் பார்ப்பதிலேயே இருந்தார்கள்.

"நத்தை" என்றாள் அன்புசெல்வி.

"யானைப் பல்லு" என்றான் கோபிநாத்.

அஜித் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வளையம் இருக்கு. அப்போ மரம்தான். திருவக்கரையில கல்மரம் பார்த்திருக்கேன். இது கல்மரம். எவ்வளவு பெட்டு?"

ஜோவிதா ஒவ்வொருவருக்கும் "இல்ல" என்று தலையாட்டினாள். கடைசியில் கல் மிஸ்ஸின் கைக்கு வந்தது.

"என்னையுமா விட மாட்ட?" என்ற மிஸ், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ம்ம்... பவளம்!"

ஜோவிதா நெடுமாறனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்தான். ஒருவரும் கத்தவில்லை. எல்லோருக்கும் விடை வேண்டியிருந்தது.

"பவளம் இல்ல மிஸ்" என்றான் அவன். முதலில் குரல் கொஞ்சம் கரகரத்தது. "ஆனா பெரிய பெரிய விஞ்ஞானிங்களும் முதல்ல பவளம்னுதான் நெனைச்சாங்க. நான் முட்டைன்னு நெனைச்சேன். அஜித் மரம்னு நெனைச்சான். இது பாசி."

"பாசியா, பாசிலா?" என்று கேட்டான் அஜித்.

"ரெண்டும்தான்!" என்று ஜோவிதாவும் நெடுமாறனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு நெடுமாறன் பேசினான். கிணற்றுக்குள் கயிற்றில் இறங்குவதுபோல வகுப்பையே கூட்டிக்கொண்டு போனான். செம்மண், மஞ்சள் களிமண், சிப்பி ஒட்டிய வெள்ளைப் பாறை. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொன்னபோது, "டேய், எங்க சித்தப்பா அங்கதான்டா மனை வாங்கியிருக்காரு!" என்று பதறினான் கோபிநாத். சுண்ணாம்பு பூசிக்கொண்ட பாசியைச் சொன்னான், அலை உருட்டியதைச் சொன்னான், நூறு வருஷமாகத் தாத்தா என்று கொண்டாடப்பட்ட கடற்பஞ்சைச் சொன்னான். அதைக் கேட்டு மிஸ்ஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் குடும்பம் இன்னும் இருக்காடா?" என்று கேட்டாள் அன்புசெல்வி.

"இருக்கு. கடலுக்குள்ள பாறை மேல ரோஸ் கலர்ல பூசுன மாதிரி இருக்குமாம். உயிரோட."

அவன் உட்காரப் போனபோது அஜித் நகர்ந்து இடம் விட்டான். "நெடு, உங்க கெணத்துல இன்னொன்னு கெடைக்குமாடா?"

"இருந்தாலும் இருக்கும். கவிநிலான்னு ஒரு அக்கா ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறதா ஜோவிதாகிட்ட சொல்லியிருக்காங்க. எங்க மாமாவக் கேட்டுட்டுச் சொல்றேன், நீயும் வா."

முட்டைமாறன் என்ற பெயரை அன்று யாரும் சொல்லவில்லை. அவனை நெடு என்று கூப்பிடவே எல்லோருக்கும் நேரம் சரியாக இருந்தது.

அன்று மாலை பட்டறையில் லூர்துநாதன் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஒரு நீண்ட வரிசை. ஒவ்வொரு கையிலும் ஒரு கல். கோபிநாத் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பொறுக்கியது. அன்புசெல்வி பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் பொறுக்கியது. அஜித் தூக்க முடியாமல் தூக்கி வந்தது, அவன் தெருவில் வீடு கட்டும் இடத்தில் கிடந்த சிமென்ட் கட்டி.

"ஜோவிதா! இன்னாம்மா இது? நாளைக்குள்ள ரெண்டு சமையல் மேடை முடிக்கணும்!"

"ஒன்னே ஒன்னுப்பா" என்றாள் ஜோவிதா.

"ஒன்னே ஒன்னு அங்கிள்" என்றது வரிசை முழுவதும்.

நெடுமாறன் ஒவ்வொரு கல்லாக வாங்கி, தண்ணீரில் நனைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அஜித்தின் கட்டி வந்தபோது ஜோவிதாவின் காதில், "இது சிமென்ட்டு" என்றான்.

"சொல்லிடலாமா?"

"வேணாம். அவன் எவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு. அதையே முதல்ல வெட்டச் சொல்லலாம்."

லூர்துநாதன் பெருமூச்சு விட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து, சக்கரத்தின் பொத்தானை அழுத்தினார். 'கிர்ர்ர்' என்று பட்டறை அதிர்ந்தது. பிள்ளைகள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணை மட்டும் ஒருவரும் மூடவில்லை.